48 வயதில் ஒரு டிஜிட்டல் பியானோ: பதினாறு மாதப் பழக்கத்துக்குப் பிறகு

வாங்கிய மூன்றாம் மாதம் கீழ்த்தளத்துப் பெரியவர் படியேறி வந்து கதவைத் தட்டினார். "தப்பாக நினைக்காதீர்கள் அம்மா, இரவு பத்து மணிக்கு மேல் தினமும் எதையோ இடிக்கிற சத்தம் கேட்கிறது. தச்சு வேலை ஏதும் நடக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த நேரத்தில் நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பியானோ வாசிப்பவள். யாருக்கும் தொல்லை இல்லாமல் பழகலாம் என்பதற்காகவே டிஜிட்டல் கருவியை வாங்கியவள். அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். ஹெட்போனைக் கழற்றி, ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு, வழக்கம்போல வாசித்துக் காட்டினேன். டொக், டொக், டொக். விரலால் அழுத்தும் கட்டைகள் அடியில் போய் முட்டும் ஓசை ஸ்டாண்டின் கால்கள் வழியாகத் தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "இதுதான், இதேதான்" என்றார் பெரியவர்.

மறுநாள் ஸ்டாண்டுக்கு அடியில் விரித்த தடித்த ரப்பர் விரிப்பு அவருடைய தூக்கத்தைக் காப்பாற்றிவிட்டது. எனக்குள் மட்டும் ஒரு கேள்வி தங்கிவிட்டது. நான் ஏன் இவ்வளவு ஓங்கி அடிக்கிறேன்? அந்தக் கேள்விக்கு விடை தெரிய இன்னும் இரண்டு மாதம் ஆனது. தெரிந்த பிறகுதான் இந்தக் கருவியின் அருமையும் அது விரிக்கும் வலையும் ஒரே இடத்தில் இருப்பது புரிந்தது.

மாடலின் பெயரை நான் எழுதவில்லை. பலகைபோலத் தட்டையான உடலும் எடையுள்ள 88 கட்டைகளும் கொண்ட தொடக்கநிலைக் கருவிகளில் ஒன்று. இந்தத் தரத்தில் எந்த நிறுவனத்தின் கருவியை எடுத்தாலும் நிறைகுறைகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே நான் சொல்வதை அந்த வகைக்கே உரியதாக எடுத்துக்கொள்ளலாம். 52 வெள்ளைக் கட்டை, 36 கறுப்புக் கட்டை. எடை பதினோரு கிலோவுக்குச் சற்று மேல். நான் ஒருத்தியே தூக்கி அறை மாற்றிவிடுவேன். தந்தியும் இரும்புச் சட்டமும் கொண்ட நிமிர்ந்த வகைப் பியானோ 200 கிலோவைத் தாண்டும், அசைக்க நாலு ஆள் வேண்டும். சுருதி கூட்டுபவரை வருடா வருடம் அழைக்கும் வேலையும் டிஜிட்டலில் இல்லை. நடு ஸ்தாயியின் 'ஆறு கட்டை' சுருதி (மேலை இசையில் A) 440 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் மழையிலும் வெயிலிலும் அது 440தான்.

இதற்கு முன் நான்கு மாதம், உறவினர் வீட்டில் தூசி படிந்து கிடந்த 61 கட்டை கீபோர்டில் பழகினேன். "தொடங்குவதற்கு 61 போதும்" என்பார்கள். எண்ணிக்கையைப் பொறுத்தவரை அது சரிதான். முதல் வருடம் முழுக்க நான் நடுவில் உள்ள நான்கு ஸ்தாயியைத் தாண்டவே இல்லை. சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, கட்டை விரலுக்குக் கொடுக்கும் பதிலில் இருக்கிறது. அந்த வகைக் கீபோர்டில் கட்டைக்கு அடியில் இருப்பது ஸ்பிரிங். தொடும்போது இலேசாக இருக்கும், அழுத்த அழுத்த எதிர்ப்பு கூடும். எடையுள்ள கட்டையில் நடப்பது இதற்கு நேர்மாறு. உள்ளே சிறு சுத்தியல் ஒன்று இருக்கிறது. அதைக் கிளப்பும் முதல் கணத்தில்தான் பாரம். கிளம்பிவிட்டால் தானே போகும். இடக்கைப் பக்கம் கட்டைகள் சற்றுக் கனமாகவும் வலக்கைப் பக்கம் போகப் போக இலேசாகவும் இருக்கும், உண்மையான பியானோவில் இருப்பதுபோலவே. முதல் நாள் இதில் கை வைத்தபோது, நான்கு மாதமாக விரல்களால் குத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் என்று தோன்றியது. பணத்தை எதில் செலவழிப்பது என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வேன்: கட்டைகளில். மற்றதையெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம், கட்டையை மாற்ற முடியாது.

என் பிழைப்பு தட்டச்சு. இருபத்தாறு ஆண்டுகளாகப் பத்து விரலும் பார்க்காமல் ஓடிப் பழகியவை. இந்தப் பழக்கம் பியானோவில் பாதிக்குத்தான் கைகொடுக்கிறது. விரல்கள் தனித்தனியே நகரும். எந்தக் கட்டை எங்கே என்று கை சீக்கிரம் கண்டுகொள்ளும். ஆனால் தட்டச்சில் ஒரு எழுத்தை வருடினாலும் அறைந்தாலும் தாளில் விழுவது ஒரே எழுத்து. எவ்வளவு வேகமாகத் தொட்டோம் என்பதைக் கணினி கேட்பதில்லை. பியானோ அதை மட்டும்தான் கேட்கிறது.

பியானோ பிறந்ததே அதற்காகத்தான். அதற்கு முன் ஐரோப்பிய அரண்மனைகளில் இருந்த ஹார்ப்சிகார்டு, கட்டையை அழுத்தினால் இறகுக் காம்பின் நுனியால் தந்தியைச் சுண்டும். எப்படி அழுத்தினாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவுதான். 1700 வாக்கில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், அந்நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் இசைக்கருவிகளைப் பராமரித்த பார்த்தொலோமெயோ கிறிஸ்தோஃபோரி, சுண்டும் காம்பை எடுத்துவிட்டுத் தந்தியை அடிக்கும் சுத்தியலை வைத்தார். அந்தக் குடும்பத்தின் 1700ஆம் ஆண்டுக் கருவிப் பட்டியல் அதை மெல்லவும் உரக்கவும் ஒலிக்கும் கருவி என்று குறிப்பிடுகிறது. 'பியானோ' என்றால் இத்தாலிய மொழியில் 'மெல்ல'. பெயரின் மறுபாதியான 'ஃபோர்ட்டே', அதாவது 'உரக்க', பேச்சுவழக்கில் உதிர்ந்துவிட்டது. அவர் செய்த பியானோக்களில் மூன்று மட்டும் எஞ்சியிருக்கின்றன. 1720இல் செய்தது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கருவியின் பெயரே 'மெல்ல' என்று இருக்க, நான் தச்சு வேலை செய்துகொண்டிருந்தேன்.

ஐந்தாம் மாதம் ஆசிரியை ஒருவரிடம் சேர்ந்தேன். என்னைவிட இருபது வயது இளையவர். அவர் வீட்டில் இருந்தது தந்திப் பியானோ. வீட்டில் நன்றாகப் பழகிய சின்னஞ்சிறு மெட்டு ஒன்றை அதில் வாசிக்கத் தொடங்கினேன். மூன்றாவது சுரத்திலேயே கையை எடுத்துவிட்டேன், அறை அதிர்ந்தது. இடக்கை வலக்கையை அப்படியே விழுங்கிவிட்டது.

"அக்கா, வீட்டில் ஒலியை எவ்வளவில் வைத்து வாசிக்கிறீர்கள்?" என்றார் ஆசிரியை.

"கால்வாசிதான் டீச்சர். இரவு நேரம் அல்லவா?"

"அதுதான் விஷயம். ஒலிக் குமிழ் குறைத்ததை உங்கள் விரல் ஈடுகட்டுகிறது. இந்தப் பியானோவில் குமிழ் கிடையாது அக்கா, விரல்தான் குமிழ்."

வீட்டுக்கு வந்து அதைச் சோதித்துப் பார்த்தேன். இந்தக் கருவிக்குள் தந்தி கிடையாது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே வெவ்வேறு ஆழத்தில் குறைந்தது இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. கட்டை அடிவரை போகும் தூரம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். முதல் சென்சாரைக் கடந்து இரண்டாவதை எட்ட எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கணக்கிட்டு, 1 முதல் 127 வரை ஒரு எண்ணைக் கருவி தருகிறது. மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983இல் வந்த மிடி என்ற பொது வழக்கம் வகுத்த எண்கள் இவை. பெரிய பியானோ ஒன்றில் சுரம் சுரமாக, மெல்லவும் உரக்கவும் பதிவுசெய்து வைத்த ஒலிகளில் எதை, எந்த அளவில் எழுப்புவது என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. தந்திப் பியானோவிலும் சுத்தியல் தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுப் பறந்துவிடுகிறது. அதற்குப் பின் விரல் என்ன செய்தாலும் அந்த அடியை மாற்ற முடியாது. எறிந்த வேகம் எதுவோ அதுதான் ஒலி.

ஆக, என் விரலின் வேகத்தை என்னால் எண்ணாகவே பார்க்க முடியும். யூ.எஸ்.பி. கம்பியால் கருவியைக் கணினியோடு இணைத்தேன். வலக்கையின் ஐந்து விரலையும் அடுத்தடுத்த ஐந்து வெள்ளைக் கட்டைகளில் வைத்து, எல்லாம் ஒரே அளவாக ஒலிக்கிறது என்று நான் நம்பிய வாசிப்பை வாசித்தேன். திரையில் வந்தவை: பெருவிரல் 96, சுட்டுவிரல் 84, நடுவிரல் 81, மோதிரவிரல் 52, சுண்டுவிரல் 61. பத்துத் தடவை வாசித்தேன். எண்கள் முன்பின் ஆனாலும் வரிசை மாறவில்லை. மோதிரவிரல் பலவீனமாக இருப்பதற்கு உடலே காரணம். புறங்கையில் அதன் தசைநாண் பக்கத்து விரல்களின் தசைநாண்களோடு பிணைந்திருக்கிறது. உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு மோதிரவிரலைத் தூக்கிப் பாருங்கள், தெரியும்.

அடுத்த சோதனைதான் கீழ்வீட்டுப் பெரியவரின் கேள்விக்கு விடை சொன்னது. ஒலிக் குமிழை முக்கால்வாசியில் வைத்து அதே மெட்டை வாசித்தேன். பெரும்பாலான எண்கள் 60க்கும் 75க்கும் இடையில் விழுந்தன. கால்வாசிக்குக் குறைத்து மறுபடி வாசித்தேன். 90க்குக் கீழே இறங்கியவை விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். நான் எதையும் வேண்டுமென்று மாற்றவில்லை. காது கேட்டதைக் கை கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். நாட்கணக்கில், மாதக்கணக்கில், அயலாரின் தூக்கத்துக்காக நான் குமிழைக் குறைக்கக் குறைக்க என் விரல்கள் கனத்துக்கொண்டே வந்திருக்கின்றன. தந்திப் பியானோவில் பழகும் யாருக்கும் இந்தக் கேடு வராது, ஏனென்றால் அங்கே விரலுக்கும் ஒலிக்கும் நடுவே குறுக்கிட ஒன்றும் இல்லை. டிஜிட்டலில் ஒரு குமிழ் இருக்கிறது. அது நமக்குத் தரும் தனிமைக்கு வாங்கும் விலை இது.

இதற்கு வைத்தியம் எளிது. அடுத்த வகுப்பில் ஆசிரியையின் பியானோவில் நடுக் கட்டை ஒன்றை மெல்லத் தொட்டு, விரலின் உணர்வையும் ஒலியின் அளவையும் மனத்தில் ஏற்றிக்கொண்டேன். அன்று மாலையே வீட்டில் அதே விரலால் அதே அளவு தொட்டுக்கொண்டு, ஒலி அந்த அளவுக்கு வரும்வரை குமிழைத் திருகினேன். வந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன். ஹெட்போனுக்குத் தனியாக ஒரு சிவப்புப் புள்ளி. காதோடு ஒட்டி ஒலிப்பதால் அது இன்னும் கீழே வரும், வரத்தான் வேண்டும். மணிக்கணக்கில் உரக்கக் கேட்டால் காதுக்குக் கேடு. அன்றிலிருந்து அந்தப் புள்ளிகளை விட்டுக் குமிழை நகர்த்துவதில்லை. ஒலி அதிகம் என்று தோன்றினால் மெல்ல வாசிக்கிறேன்.

கூடவே இன்னொன்றையும் சரிசெய்தேன். கட்டையின் தொடு உணர்வை இலேசு, நடுத்தரம், கனம், நிலையானது என்று நான்கு விதமாக வைக்க வழி உண்டு. கைக்கு எளிதாக இருக்கிறதே என்று நான் தொடக்கத்திலேயே 'இலேசு' என்பதில் வைத்திருந்தேன். அதில் சிறிய தொடுதலுக்கும் பெரிய ஒலி கிடைக்கும். மெல்ல வாசிக்கும் எல்லை முழுவதும் அடைபட்டுப் போகும். 'நிலையானது' என்பதில் வைத்தால் கருவி ஹார்ப்சிகார்டாகவே மாறிவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் நடுத்தரத்தில் வைத்துவிட்டு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து அதே ஐந்து விரல் சோதனையைச் செய்தேன். மோதிரவிரல் 64, பெருவிரல் 73. இந்த இரண்டு எண்களுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மோதிரவிரலை வலுவாக்கப் போராடாமல் பெருவிரலைச் சாந்தப்படுத்தச் சொன்னவர் ஆசிரியைதான். அவரே எனக்கு ஏழு கட்டையிலிருந்து (மேலை இசையில் B) கிளம்பும் மேஜர் ஸ்கேல் என்ற சுர வரிசையை முதலில் சொல்லிக்கொடுத்தார். ஐந்து கறுப்புக் கட்டைகளும் வரும் ஸ்கேல் அது. ஏட்டில் பார்த்தால் மிரட்டும், கையில் வைத்தால் நீண்ட விரல்கள் உயரமான கறுப்புக் கட்டைகளில் தாமாகவே போய் அமரும். குட்டைப் பெருவிரலுக்கு வெள்ளை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பியானோ மேதை பிரெடெரிக் ஷோபானும் தம் மாணவர்களுக்கு இந்த ஸ்கேலைத்தான் முதலில் வைத்தார் என்று அறிந்தபோது ஆசிரியைமேல் மதிப்பு இன்னும் கூடியது. வெள்ளைக் கட்டைகளில் மட்டும் ஓடும் 'ஒரு கட்டை' (C) ஸ்கேல் கண்ணுக்குத்தான் எளிது.

கருவியில் நான் மனமாரப் பாராட்டுவது அதன் பதிவு வசதி. இடக்கையை மட்டும் பதிந்துவிட்டு, அது ஒலிக்க ஒலிக்க அதனோடு வலக்கையைச் சேர்த்து வாசிக்கலாம். இரண்டு கையும் சேராமல் தவித்த வாரங்களில் இது பெரிய துணை. பதிந்ததைத் திரும்ப ஒலிக்கவிட்டு அறையின் மறுகோடியில் உட்கார்ந்து கேட்பேன். கைகள் மடியில் சும்மா கிடக்கும். என் வாசிப்பு எதிரே போய்க்கொண்டிருக்கும். வாசிக்கும்போது காதில் விழாத அவசரமெல்லாம் அப்போது விழும். எனக்கு வந்த பழக்கம், கடினமான இடம் நெருங்கும்போது வேகம் கூட்டுவது. தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து அதை ஒரு மாதம் அடக்கினேன்.

கருவிக்குள் பியானோவைத் தவிர ஆர்கன், வயலின் என்று வேறு ஒலிகளும் இருக்கின்றன. முதல் வாரத்துக்குப் பிறகு தொட்டதில்லை. ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்கலாம் என்ற எண்ணை, 64, 128, 192 என்று, விளம்பரங்களில் பெரிதாகப் போடுவார்கள். ஒலியை நீடிக்க வைக்கும் காலடிப் பெடலை அழுத்திக்கொண்டு நிறையச் சுரங்களைக் குவிப்பவர்களுக்கு அது வேண்டும், தொடக்கக்காரருக்கு 64 தாராளம்.

குறைகள் உண்டு. பெட்டியோடு வந்த பெடல் தீப்பெட்டியைப் பெரிதாக்கியதுபோல ஒரு பிளாஸ்டிக் கட்டி. மிதித்தால் வழுக்கிக்கொண்டு சுவர்வரை போகிறது. அதைவிடப் பெரிய குறை, அதற்கு 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு நிலைதான் தெரியும். உண்மையான பெடலில் அரைவாசி மிதித்தால் ஒலி பாதி கரைந்து பாதி நிற்கும். பியானோ பெடலின் வடிவிலேயே, கனமான அடிப்பகுதியோடு தனியாக விற்பதை வாங்கி மாட்டுங்கள். உங்கள் கருவி அரைப் பெடலை ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கத்தரிபோல மடங்கும் ஸ்டாண்டும் வேண்டாம், இரு கையும் சேர்ந்து இறங்கும்போது ஆடுகிறது, முழங்காலுக்கும் இடமில்லை. இரண்டு பக்கமும் நிலையான பலகை வைத்த ஸ்டாண்டுக்கு மாறியபின்தான் நிம்மதி. நாற்காலியின் உயரம் முக்கியம். முழங்கை கட்டையின் மட்டத்தில் இருக்க வேண்டும். நான் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து பழகி, இரண்டு மாதம் மணிக்கட்டு வலியோடு அலைந்தேன்.

ஸ்பீக்கர்கள் அடிப்பக்கம் பார்த்திருப்பதால் ஒலி முழங்காலில் பட்டுத் திரும்புகிறது. ஹெட்போனில் கேட்பதில் பாதி அழகுகூட அதில் இல்லை. எனவே நல்ல ஹெட்போன் ஒன்று அவசியம்; அதுவும் கம்பி வைத்ததாக இருக்கட்டும். புளூடூத்தில் ஒலி ஒரு நொடியின் சிறு பங்கு தாமதித்து வருகிறது. பாட்டுக் கேட்க அது உறுத்தாது, வாசிக்க முடியாது. விரல் ஓரிடத்திலும் சுரம் வேறிடத்திலும் இருக்கும். ஹெட்போன் துளை பெரிய அளவு, 6.3 மில்லிமீட்டர், சிறிய முனை கொண்ட ஹெட்போனுக்கு மாற்றி ஒன்று தேவைப்படும்.

இவ்வளவு சொன்ன பின்னும், 48 வயதில் தொடங்கிய எனக்கு இந்தக் கருவியைத் தவிர வேறு வழி இருந்திருக்கும் என்று தோன்றவில்லை. வீட்டு வேலை ஓய்ந்து, மற்றவர்கள் படுத்த பிறகு கிடைப்பது நாற்பது நிமிடம். ஒரே நான்கு சுரங்களை அறுபது முறை தப்பாக வாசிக்க வேண்டியிருக்கிறது. வேறொருவர் கேட்டுக்கொண்டிருந்தால் ஐந்தாவது தப்பிலேயே எழுந்துவிட்டிருப்பேன். குழந்தைக்கு அந்தக் கூச்சம் இல்லை, வளர்ந்தவர்களுக்கு இருக்கிறது. ஹெட்போன் அதற்கு மருந்து. மாதம் இரண்டு முறையாவது தந்திப் பியானோ ஒன்றில் வாசிக்க வாய்ப்புத் தேடிக்கொண்டால், குமிழின் வலையில் விழாமலும் தப்பிக்கலாம்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடை ஆள் வாசித்துக் காட்டும் வேகமான மெட்டில் எல்லாக் கருவியும் நன்றாகவே ஒலிக்கும். முதலில் ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு வாசித்து, கட்டைகள் எவ்வளவு இடிக்கின்றன என்று கேளுங்கள். உங்களுக்கும் கீழ்த்தளத்தில் யாராவது இருக்கக்கூடும். ஒரே கட்டையை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டி, சுரம் விட்டுப்போகிறதா என்று பாருங்கள். கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே, வெள்ளைக் கட்டையின் உட்பகுதியில் விரலை வைத்து அழுத்துங்கள். சில கருவிகளில் அந்த இடம் கல்லாக இருக்கும், ஏழு கட்டை ஸ்கேல் வாசிக்கும்போது அங்கேதான் பெருவிரல் விழும். பிறகு ஒலியை நடுவில் வைத்து, நடுக் கட்டை ஒன்றை எவ்வளவு மெல்ல முடியுமோ அவ்வளவு மெல்ல இறக்குங்கள். முதல் முறை ஒலியே வராமல் கட்டை அடிவரை போகும். சற்று வேகம் கூட்டி மறுபடி இறக்குங்கள், அதற்கும் சற்றுக் கூட்டி மறுபடி. ஏதோ ஒரு முறை, மூச்சுவிடும் அளவுக்கு ஒரு சுரம் எழும். அதே சுரம், அதே அளவில், அடுத்து மூன்று தடவையும் உங்கள் விரலுக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அந்தக் கருவியை வாங்குங்கள்.